மாமா வீட்டு டெக்: மரமா, காம்போசிட்டா?

அமெரிக்கா வந்த புதிதில் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது இந்த ஊர் வீடுகளுக்கு மொட்டை மாடி இல்லாததுதான். கூரையெல்லாம் சரிவு. பனி வழிந்து விழ வேண்டுமே! அப்படியானால் வடகம் எங்கே காயும், துணி எங்கே காயும், ராத்திரி கரண்ட் போனால் மனுஷன் எங்கே போய்ப் படுப்பான்? (கரண்ட் போகாது என்பது வேறு விஷயம்.) இதற்கெல்லாம் பதில் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் பெயர் டெக்.

பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். சமையலறைக் கதவைத் திறந்தால் வீட்டோடு ஒட்டினாற்போல் மரத்தால் ஒரு மேடை. கீழே தூண்கள், அதன் மேல் உத்தரம், உத்தரத்தின் மேல் ஜாயிஸ்ட் என்கிற குறுக்குச் சட்டங்கள், அதற்கும் மேல் நாம் நடக்கிற பலகைகள். சுற்றிலும் கைப்பிடி. இறங்கப் படிகள். பாதி திண்ணை, பாதி மொட்டை மாடி. அவ்வளவுதான்.

போன கோடை விடுமுறையை எடிசனில் மாமா வீட்டில் கழித்தேன். நியூ ஜெர்சி எடிசன் என்றாலே பாதிப் பேருக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார், எனக்கு மாமா. வீடு 1994இல் கட்டியது, டெக்கும் அதே வயசு. 12 அடிக்கு 16 அடி. முப்பது வருஷம் மழை, பனி, வெயில் எல்லாவற்றையும் வாங்கிச் சாம்பல் நிறமாகி, பலகைகள் நடுவில் குழிந்து, ஆணிகள் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றன. மாற்றியாக வேண்டும். எதைப் போடுவது? வீட்டில் இரண்டு கட்சி. மாமா மரக்கட்சி. அத்தை காம்போசிட் கட்சி. நான் கூட்டணி சேராத நாடு. மூன்றாவதாக ஒரு கட்சி இருந்தது. அதை நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவே இல்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்த ஆச்சி.

முதலில் மாமா தரப்பு. இங்கே டெக்குக்குப் போடுகிற சாதாரண மரம் பைன். பைன் நம் தேக்கு மாதிரி கிடையாது. அப்படியே விட்டால் சில வருஷத்தில் உளுத்துவிடும். அதனால் பெரிய உருளைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, அழுத்தம் கொடுத்து மருந்தை மரத்துக்குள் ஏற்றுகிறார்கள். இதுதான் பிரஷர் ட்ரீட்டட் மரம். இருப்பதிலேயே மலிவு இதுதான். ஒரு பலகை போனால் அதை மட்டும் கழற்றிவிட்டு வேறு போடலாம். கீறல் விழுந்தால் தேய்த்துக்கொள்ளலாம். நிறம் அலுத்துப்போனால் வேறு சாயம் அடிக்கலாம். மாமா சொன்ன காரணம் வேறு. "மழை பெய்ஞ்சா ஒரு வாசம் வரும் பாரு, அதுக்கே மரம் போடலாம்." எனக்கும் மரம்தான் பிடிக்கும், இன்றைக்கும்.

ஆனால் மரம் வேலை வாங்கும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கழுவி, காயவிட்டு, சாயமோ சீலரோ அடிக்க வேண்டும். புதுப் பலகையில் உடனே அடிக்கவும் கூடாது, மருந்து ஏற்றிய மரம் ஈரமாகவே வரும். கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் இன்னும் காயவில்லை, உறிஞ்சிக்கொண்டால் அடிக்கலாம். மாமாவுக்கு வயசு 58. இடுப்பு வலி. பெல்ட் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறவர். பையன் கலிபோர்னியாவில் இருக்கிறான். "யாரு குனிஞ்சு அடிக்கப் போறா?" என்று அத்தை கேட்டபோது மாமா என்னைப் பார்த்தார். நான் மேப்பிள் மரத்தைப் பார்த்தேன் :-)

அத்தை தரப்புக்கு வருவோம். காம்போசிட் என்பது மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து உருக்கி, பலகையாகப் பிழிந்து எடுப்பது. முறுக்கு அச்சில் மாவு வருகிற மாதிரிதான். பிளாஸ்டிக்கில் பெரும்பகுதி நாம் தூக்கிப் போடுகிற பைகளும் உறைகளும். இந்தச் சந்தையில் பெரிய பெயரான டிரெக்ஸ், மொபில் எண்ணெய் நிறுவனத்தின் ஒரு பிரிவாக இருந்து 1996இல் தனிக் கம்பெனியானது. அந்தக் காலத்துக் காம்போசிட்டுக்கு மேலுறை கிடையாது. உள்ளே மரத்தூள் இருப்பதால் ஈரத்தை உறிஞ்சும், பூஞ்சை பிடிக்கும், எண்ணெய் சிந்தினால் கறை போகாது. 2010 வாக்கில்தான் பலகையைச் சுற்றி பிளாஸ்டிக் தோல் போர்த்திய வகை பரவலானது. இன்று கடையில் பெரும்பாலும் இந்த வகைதான். ஆகவே "எங்க பக்கத்து வீட்டுல போட்டாங்க, கறுத்துப் போச்சு" என்று யாராவது சொன்னால், எந்த வருஷம் போட்டது என்று முதலில் கேளுங்கள்.

சாயம் அடிக்க வேண்டாம். சிலாம்பு ஏறாது. 25 வருஷம், அதற்கும் மேல் என்று உத்தரவாதம் கொடுக்கிறார்கள். (பலகைக்கா, மறுபடி போடும் கூலிக்கும் சேர்த்தா என்று படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஆனால் வேலையே இல்லை என்று நினைக்க வேண்டாம். இலை விழுந்து மக்கினால் அதன் மேலும் பூஞ்சை வரும். சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவத்தான் வேண்டும். விலையோ, பலகைக்குப் பலகை பார்த்தால் பைனைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஆழமாகக் கீறல் விழுந்தால் தேய்த்துச் சரி செய்ய முடியாது. ஆயுள் முடிந்தபின் எரிக்கவும் முடியாது, மண்ணில் மக்கவும் மக்காது.

வெயிலில் காம்போசிட் நீளவாக்கில் நீளும், குளிரில் சுருங்கும். மரம் வெப்பத்துக்கு அசைவது குறைவு, ஈரத்துக்கு அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதனால் ஈரப் பைனை நெருக்கிப் போடுகிறார்கள், காய்ந்ததும் இடைவெளி தானாக வந்துவிடும். காம்போசிட்டிலோ போடுகிற அன்றைய வெப்பநிலையைப் பார்த்து முனைகளில் இடம் விட வேண்டும். மரவேலை தெரிந்த எல்லோருக்கும் காம்போசிட் போடத் தெரியும் என்று சொல்ல முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கணக்குப் பிரியர்களுக்கு: பலகையின் அகலம் ஐந்தரை அங்குலம். இடைவெளியோடு சேர்த்து 12 அடியை நிரப்ப 26 வரிசை. ஒவ்வொன்றும் 16 அடி. ஆக 416 அடி பலகை. இந்த 416ஐ விலையால் பெருக்கிப் பார்த்ததும் மாமா முகத்தில் மரக்கட்சியின் வெற்றிப் புன்னகை.

இந்த நேரத்தில்தான் மூன்றாவது கட்சி களத்துக்கு வந்தது. ஆச்சி வந்த நாளிலிருந்து டெக்கில்தான் வாசம். காலையில் வடகம் காயப் போடுவாள், சாயங்காலம் முறத்தோடு உட்கார்ந்து கீரை ஆய்வாள். எல்லாம் வெறுங்காலோடு. வீட்டை ஒட்டின இடத்தில் செருப்புப் போடுவதா? எழுபத்தெட்டு வயசில் அதெல்லாம் மாறாது. ஆச்சிக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. ஜூன் மாதம் பழைய பலகையிலிருந்து ஒரு சிலாம்பு குதிகாலில் ஏறியிருக்கிறது. அவளுக்குத் தெரியவே இல்லை. மூன்றாம் நாள் அத்தைதான் தரையில் ரத்தப் பொட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். ஆறுவதற்கு ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் மாமா மரத்தைப் பற்றிப் பேசவில்லை.

அப்படியானால் காம்போசிட்தான் என்று நினைத்தோம். கடையில் மாதிரித் துண்டுகள் கொடுப்பார்கள். அடர் சாம்பல், காப்பிக்கொட்டை நிறம், வெளிர் மணல் நிறம் என்று மூன்று வாங்கிவந்து, ஒரு பைன் துண்டோடு சேர்த்து மத்தியானம் இரண்டு மணி வெயிலில் வரிசையாக வைத்தேன். ஜூலை மாதம். அரை மணி நேரம் கழித்து வெறுங்காலை வைத்து எண்ண ஆரம்பித்தேன். பைனில் இருபது வரை எண்ணினேன், சூடுதான், ஆனால் நிற்கலாம். மணல் நிறத்தில் பத்துக்கு மேல் போக முடிந்தது. அடர் சாம்பலில் நான்கு எண்ணுவதற்குள் காலை எடுத்துவிட்டேன். நான் குதிப்பதைப் பார்த்து ஆச்சி வந்தாள். "தள்ளுல, நான் பாக்கேன்" என்று அடர் சாம்பல் துண்டின் மேல் ஏறி நின்றாள். நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலயே. நீ என்னல இந்தத் துள்ளு துள்ளுத?"

ஓடிப்போய்க் கையைப் பிடித்து இறக்கினேன். அடிக்காலில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அத்தைக்கும் எனக்கும் பேச்சே வரவில்லை. சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனவர்களுக்குச் சிலாம்பு குத்துவதும் தெரியாது, சூடு பொசுக்குவதும் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். இதைக் கடையில் ஒருவரும் சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? இந்த ஊரில் டெக்கில் வெறுங்காலோடு நாள் முழுக்க இருக்கிற ஆச்சிகள் அவர்கள் கணக்கில் இல்லை. விளம்பரப் படங்களில் சாய்வு நாற்காலியும் ஒயின் கோப்பையும்தான்.

ஆக, மரத்தில் சிலாம்பு, அடர் நிறக் காம்போசிட்டில் சூடு. மேலுறை போர்த்திய வெளிர் நிறப் பலகை, அதற்கு மேல் மத்தியான வெயில் படாமல் ஒரு நிழல். வழி அதுதான் என்று முடிவானது. நிற்க.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். இதுவரை பேசியதெல்லாம் மேலே தெரிகிற பலகையைப் பற்றி. விலை கேட்க மூன்று பேரைக் கூப்பிட்டோம். முதல் இரண்டு பேரும் டெக்கின் மேல் நின்று அளந்துவிட்டுப் போனார்கள். அதில் ஒருவர், "ஃபிரேம் நல்லாத்தான் இருக்கு, மேலே காம்போசிட் மட்டும் போட்டுடலாம்" என்றார். மூன்றாவதாக வந்தவர் வயதானவர். வந்ததும் டார்ச்சோடு கீழே நுழைந்துவிட்டார். பத்து நிமிஷம் கழித்து என்னையும் கூப்பிட்டார்.

டெக்கின் ஒரு பக்கம் தூணில் நிற்கிறது. மறுபக்கம் வீட்டுச் சுவரோடு பிடித்த ஒரு நீளச் சட்டத்தில் தொங்குகிறது. அதன் பெயர் லெட்ஜர். டெக் இடிந்து விழுந்து ஆட்கள் அடிபடுகிற விபத்துகளில் அடிக்கடி விட்டுப்போவது இந்த இடம்தான். அதை அரை அங்குல போல்ட்டாலோ பெரிய திருகாணியாலோ பிடிக்க வேண்டும். வெறும் ஆணி, இழுப்புக்கு நிற்காது. மாமா வீட்டில் இருந்தது வெறும் ஆணி. சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் தண்ணீர் இறங்காமல் ஃபிளாஷிங் என்று ஒரு தகடு செருக வேண்டும். அதுவும் இல்லை. அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சட்டத்தின் பின்பக்கம் குத்தினார். இட்லிக்குள் போவது போல உள்ளே போனது.

போன வருஷம் கொலுவுக்கு அந்த டெக்கின் மேல் இருபத்தைந்து பேர் நின்று சுண்டல் சாப்பிட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொன்னார். 1994 மரம் என்றால் அதில் ஏற்றியிருப்பது பெரும்பாலும் சிசிஏ. விரித்துச் சொன்னால் குரோமேட்டட் காப்பர் ஆர்சனேட். குரோமியம், செம்பு, ஆர்சனிக். ஆர்சனிக் என்றால் நம் ஊர் பாஷாணம்தான். இதைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? நம் நாட்டுக்காரர். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த சோண்டி காமேசன், 1933இல். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான மின்கம்பங்களையும் வேலிகளையும் கறையானிடமிருந்து காப்பாற்றிய மருந்து. ஆனால் குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் ஆர்சனிக் எதற்கு என்ற கேள்வி வந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையோடு தயாரிப்பாளர்கள் பேசி ஒப்புக்கொண்டு, 2003 டிசம்பர் 31க்குப் பிறகு வீட்டு டெக்குகளுக்கு இதைப் போட்டு மரம் தயாரிப்பதை நிறுத்தினார்கள். இப்போது செம்பை முதன்மையாக வைத்த வேறு மருந்துகள். (அவை சாதாரண ஆணியைச் சீக்கிரம் அரித்துவிடும். நன்றாகத் துத்தநாகம் முக்கிய ஆணியோ எவர்சில்வரோ வேண்டும்.) பழைய டெக்குகளைப் பிரித்தே ஆக வேண்டும் என்று முகமை சொல்லவில்லை. ஆனால் அந்த மரத்தை எரிக்கக் கூடாது, சாம்பலில் ஆர்சனிக் தங்கும், புகையும் ஆகாது. மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அடியில் உள்ள மண்ணிலும் சேரும்.

ஆச்சி ஆய்ந்துகொண்டிருந்த கீரை அந்த டெக்கை ஒட்டிய மண்ணில்தான் வளர்ந்தது. அன்று சாயங்காலமே அத்தை அத்தனையையும் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். ஆச்சிக்கு அது மட்டும் கடைசி வரை ஆறவில்லை. "பச்சப் பிள்ள மாதிரி வளத்தேன்."

இப்போது பணம். மாமா ஒதுக்கியிருந்த தொகையை நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபிரேமின் மேல் காம்போசிட் பலகை போட 95. எல்லாவற்றையும் பிரித்துவிட்டுப் புது ஃபிரேம், பைன் பலகை போட 90. புது ஃபிரேம், காம்போசிட் பலகை 130. காம்போசிட் போட்டாலும் தூணும் உத்தரமும் ஜாயிஸ்டும் மரம்தான் என்பதைக் கவனியுங்கள். அந்தப் பலகை தன் மேல் நடப்பவர்களைத் தாங்கும், டெக்கைத் தாங்காது. கடையில் இந்த உத்தரவாதம் எல்லாம் மேல்தோலுக்குத்தான்.

இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. 95 என்பதுதான் ஆசை காட்டியது. பார்க்கப் புதுசாக இருக்கும், சிலாம்பும் இருக்காது, ஒதுக்கிய தொகைக்குள் முடியும். உளுத்தது கீழேதானே, யார் பார்க்கப் போகிறார்கள்? அத்தை ஒரே வார்த்தையில் முடித்தாள்: "கொலுவுக்கு ஆள் வரும்."

பிறகு மாமாவே ஒரு ராத்திரி காகிதத்தோடு உட்கார்ந்தார். "பதினாறடி எதுக்குடா? அப்போ பையன் சின்னவன், அவன் பிரெண்ட்ஸ் பத்து பேரு ஓடுவானுங்க. இப்போ யாரு இருக்கா? நானும் அத்தையும். ஆச்சி வந்தா மூணு பேரு." 16ஐ அடித்துவிட்டு 12 என்று எழுதினார். 12க்கு 12. பரப்பில் கால்வாசி போனது. 416 அடி பலகை 312 அடியானது, ஃபிரேமும் அந்த அளவுக்குச் சுருங்கியது. கூலி அதே விகிதத்தில் குறையாது, ஆனாலும் தொகை நூறைக் கொஞ்சம் தாண்டி நின்றது. புது ஃபிரேம், போல்ட் போட்ட லெட்ஜர், அதற்குத் தகடு, மணல் நிறக் காம்போசிட். மிச்சத்துக்கு மாமா தன் கிரில் அடுப்பை விற்றார்.

ஆகஸ்ட் கடைசியில் வேலை முடிந்தது. விட்டுப்போன நாலடியில் மேல் மண்ணை வாரி எடுத்துவிட்டு, புது மண் கொட்டி, தரையிலிருந்து உயர்த்திய பாத்தி கட்டினோம். பழைய மரத்தை நகராட்சி சொன்ன இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். மேலே துணிப் பந்தல். செருப்பு விஷயத்தில் ஆச்சி ஒரு சமரசத்துக்கு வந்தாள். துணிச் செருப்பு, அதுவும் டெக்குக்கு மட்டும், வீட்டுக்குள் வராது.

மாமாவுக்கு உள்ளுக்குள் வருத்தம் உண்டு. மழை பெய்தால் வாசம் வரவில்லை. அது பிளாஸ்டிக் தோல், எப்படி வரும்? படிக்கட்டுக் கைப்பிடியை மட்டும் செடார் மரத்தில் போட்டுக்கொண்டார். அதற்கு வருஷா வருஷம் எண்ணெய் தடவலாம், குனிய வேண்டாம். "அம்பாசமுத்திரத்துல உத்தரத்துக்கு உங்க தாத்தா முந்திரி எண்ணெய் அடிப்பாரு" என்று ஆச்சி சொல்ல, "இங்க அது கிடைக்காதும்மா" என்றபடி மாமா துணியில் எண்ணெயைத் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இதைப் படிக்கிற யாராவது டெக் போடப் போகிறீர்கள் என்றால் மரமா காம்போசிட்டா என்று என்னைக் கேட்காதீர்கள். இளசுகள் இருக்கிற வீடு, வேலை செய்ய ஆள் உண்டு, பணம் இறுக்கம் என்றால் பைன் நல்ல மரம், தாராளமாகப் போடலாம். வயசானவர்கள் வீடு, குனிய ஆள் இல்லை என்றால் வெளிர் நிறக் காம்போசிட். எதுவானாலும் மாதிரித் துண்டை மத்தியான வெயிலில் வைத்து, உணர்ச்சி உள்ள காலால் மிதித்துப் பாருங்கள். அதற்கும் முன்னால் ஒரு டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு கீழே நுழையுங்கள். விலை சொல்ல வருகிறவர் கீழே குனிந்து பார்க்காவிட்டால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.